வலது கைக்கு ஒரு பாடம்!
(கிட்டார் மீட்டும் முறைகள்)



கிட்டார் கத்துக்கிறவங்களைப் பார்த்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கார்டு தெரியும்?" என்பதுதான். நானும் ஜி, சி, டி, இ மைனர் என்று நாலு கார்டு பிடிக்க வந்ததும் பெரிய ஆள் ஆகிவிட்டதாக நினைத்தேன். போன ஆண்டு விழாவில் அந்த நினைப்பு காலி!

பாட்டு சரியான வேகத்தில்தான் தொடங்கியது. சரணம் வருவதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். பாடிய நண்பனுக்கு மூச்சு வாங்க இடமில்லை. ஒரு வரியையே விழுங்கிவிட்டான். கீழே இறங்கியதும் எல்லோரும் அவனைத்தான் கிண்டல் செய்தார்கள். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இப்போது இந்தச் சுவரில் எழுதுகிறேன்: தப்பு என்னுடையது.

நான் ஒரு கார்டு கூடத் தப்பாகப் பிடிக்கவில்லை. அப்புறம் எப்படிப் பாட்டு கெட்டது? எந்த ஸ்வரம் என்பதை இடது கை முடிவு செய்கிறது. அது எப்போது ஒலிக்கும், எப்படி ஒலிக்கும் என்பதெல்லாம் தந்தியை மீட்டும் வலது கையின் வேலை. அந்தக் கைக்கு நான் பாடமே சொல்லித் தரவில்லை!

இதைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், இசை படித்தவர் இல்லை. நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, நாடா போறது ஒரு வேகம், வர்றது ஒரு வேகமா இருக்குதே?" என்றார்.

தறி தெரியாதவர்களுக்கு: பாவு நூலுக்கு நடுவே நாடா ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஒருமுறை ஓடினால் அது ஒரு பிக். நாடாவை அடித்து அனுப்பும் கட்டைக்குப் பிக்கிங் ஸ்டிக் என்று பெயர். கிட்டார் மீட்டும் சின்ன பிளாஸ்டிக் துண்டுக்கும் பிக் என்றே பெயர்! கடிகாரம் வைத்து எண்ணினேன். அப்பாவின் தறி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 120 பிக். வினாடிக்கு ஒரு முறை போய், ஒரு முறை வருகிறது. போக ஒரு வேகம், வர ஒரு வேகம் என்பதே இல்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

1. கீழ் மீட்டு: எல்லா அடியும் மேலிருந்து கீழே. ஒவ்வொன்றும் ஒரே அழுத்தமாக, கனமாக விழும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கை சும்மா மேலே திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் கூடினால் கை வலிக்கும்.

2. மாற்று மீட்டு: கீழே ஒன்று, மேலே ஒன்று. 'தகதிமி' என்று வாயால் சொல்லுங்கள். த - கீழ், க - மேல், தி - கீழ், மி - மேல். கீழே போகும்போது தடித்த தந்தி முதலில் ஒலிக்கும், மேலே வரும்போது மெல்லிய தந்தி முதலில் ஒலிக்கும். அதனால் கீழ் மீட்டு கனமாகவும் மேல் மீட்டு லேசாகவும் கேட்கும்.

முக்கியமான விதி இங்கேதான். 'க' வரும் இடத்தில் ஒலி வேண்டாம் என்றாலும் கை நிற்கக் கூடாது! தந்தியைத் தொடாமல் மேலே போய் வர வேண்டும். நான் அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு, அடுத்த அடியைப் பிடிக்க அவசரப்பட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முந்தி, சரணத்தில் ஓட்டப் பந்தயமே ஆகிவிட்டது.

3. விரல் மீட்டு: பிக் இல்லாமல் விரலால். கட்டைவிரல் தடித்த மூன்று தந்திகளுக்கு. ஆள்காட்டி விரல் 3-ம் தந்திக்கு, நடுவிரல் 2-க்கு, மோதிர விரல் 1-க்கு. கார்டை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து வாசிக்கலாம். கார்டைப் பிரித்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று தெரிய 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, மணி கோத்த மாதிரி சம இடைவெளியில் வரும். இசையமைத்த இளையராஜாவே முதலில் கிட்டார் வாசித்தவர்தான். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர்.

4. எங்கே மீட்டுவது? ஒரே தந்தி, ஒரே ஸ்வரம், ஆனால் இடம் மாறினால் குரல் மாறும்! தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் கூர்மையாக, தகரம் தட்டியது போல வரும். ஒலித்துளைக்கு மேலே, கழுத்துப் பக்கம் மீட்டினால் மிருதுவாக வரும். சுரமானி சோதனை செய்தவர்களுக்குக் காரணம் புரியும். தந்தி முழுதாக அதிரும்போதே இரண்டு பாதியாக, மூன்று பாகமாகவும் அதிர்ந்து மேற்சுரங்களை எழுப்புகிறது. ஓரத்தில் மீட்டினால் உயர்ந்த மேற்சுரங்கள் அதிகம் எழும். நடுப் பக்கம் போகப் போக அவை குறையும்.

5. பிக் எவ்வளவு தடிமன்? அரை மில்லிமீட்டர் பிக் வளைந்து கொடுக்கும். கார்டு அடிக்க இதமானது, ஆனால் வளைந்து நிமிர்வதால் ஒலி ஒரு பொடி தாமதமாக வருவது போலிருக்கும். 1 மில்லிமீட்டர் பிக் வளையாது. தொட்டவுடன் ஒலி, தனி ஸ்வரங்களுக்கு நல்லது.

வீட்டுப் பயிற்சி: காசு செலவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். 'டிக்' கேட்கும்போது கீழ், இரண்டு டிக்குக்கு நடுவே மேல். ஒரே தந்தியில் தினமும் 5 நிமிடம். இடது கை சும்மா இருக்கட்டும். பிறகு மேல் மீட்டில் ஒன்று விட்டு ஒன்றைத் தந்தி தொடாமல் விடுங்கள். கை மட்டும் நிற்கக் கூடாது!

நான் மூன்று மாதமாக இதைத்தான் செய்கிறேன். போன வாரம் அப்பா கேட்டுவிட்டு, "இப்ப சீரா ஓடுதுடா" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பட்டம்!

இந்த ஆண்டு விழாவில் அதே பாட்டை அவனே பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை. நண்பா, இதைப் படித்தால் சரி என்று சொல். இந்தத் தடவை நீ மூச்சு வாங்க இடம் விட்டு வாசிப்பேன்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்