‘போயிருந்தேன்’ வந்தாலே ‘ஹேட்’ போடாதீர்கள்

கோல சிலாங்கூர் பக்கத் தோட்டத்துப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் ஒரே தவறைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறேன். ‘நேத்து பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன்’ என்று மனம் தமிழில் சொல்ல, கை ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கோன்’ என்று எழுதிவிடுகிறது. தமிழில் அது சரியான பேச்சு. ஆங்கிலத்தில் ‘ஐ வென்ட்’ போதும்.

முதலில், ‘எப்போது?’ என்பதற்கு வாக்கியத்திலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். நேற்று, போன தீபாவளி, 2007 என்று முடிந்துபோன காலம் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர், பெஸ்தாரி ஜெயா ஆனது 2007-இல்: ‘தி நேம் சேஞ்ச்ட் இன் 2007’. ஆண்டைச் சொல்லாமல் இப்போது பெயர் வேறு என்று மட்டும் சொன்னால் ‘ஹேஸ் சேஞ்ச்ட்’.

அடுத்து, விஷயம் இன்றுவரை நீள்கிறதா? இதில்தான் கவனம் தேவை. ‘மை கிராண்ட்மதர் ஹேஸ் வொர்க்ட் ஹியர் ஃபார் 30 இயர்ஸ்’ என்றால் பாட்டி இன்னமும் செம்பனைக் காட்டுக்குப் போகிறார். ‘வொர்க்ட்’ என்றால் அந்த வேலை முடிந்துவிட்டது. பாட்டி இறந்து வருஷமான பிறகும் ஒரு மாணவி ‘ஹேஸ் வொர்க்ட்’ என்று எழுதியிருந்தாள். அவள் நோட்டில் அந்த ‘ஹேஸ்’ஸை அடிக்க எனக்கே மனம் வரவில்லை, ஆனாலும் அடித்தேன்.

‘ஹேட்’ எப்போது வரும்? பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லும்போது, அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் வரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாரி கிளம்பியிருந்தது: ‘வென் வீ அரைவ்ட், தி லாரி ஹேட் லெஃப்ட்’. எழுந்தேன், குளித்தேன், போனேன் என்று நடந்த வரிசையிலேயே சொன்னால் ‘ஹேட்’ வேண்டாம். நடுவில் பெய்துகொண்டிருந்த மழைக்கு ‘வாஸ் ரெய்னிங்’.

இன்னொரு தவறு மலாயிலிருந்து வருகிறது. அந்த மொழியில் காலத்துக்கேற்ப வினை மாறாது. ‘ஏற்கெனவே’ என்ற பொருளில் ‘சுடா’ சேர்த்தால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்கிறோம். கடையில் பேச அது போதும், எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்றே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் துணைவினையாக வரும் ஒவ்வொரு ‘ஹேட்’டையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ‘எதற்கு முன்னால்?’ என்று கேளுங்கள். பதில் கிடைக்காத ‘ஹேட்’டை அழித்துவிட்டு, வினையை சிம்பிள் பாஸ்ட்டுக்கு மாற்றுங்கள்.