காயும் ஆற்றின் மீன்கள்

அன்புள்ள நண்பருக்கு,

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மீன்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுச் செஞ்சியிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். "இதெல்லாம் தண்ணீர் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு. எங்கள் ஆற்றில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் தெரிகிறது. ஏரிகளில் ஜிலேபி மீனை விட்டால் வேறென்ன இருக்கிறது? மீன்வளம், பல்வகைமை என்ற பேச்சுக்கெல்லாம் எங்கள் ஊரில் இடம் உண்டா?" என்று கேட்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் வருத்தமும் இருக்கிறது. அதனால்தான் தனியாகப் பதில் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களைப் போலக் காயும் ஆற்றங்கரையில் பிறந்தவர்கள்தான் தமிழ்நாட்டில் அதிகம்.

உங்கள் ஆறு கடலை நெருங்கும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். செஞ்சிக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் பிறந்து, வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறிப் போகும் செஞ்சியாறு, வீடூரில் தொண்டியாற்றைச் சேர்த்துக்கொண்டு, புதுச்சேரிக்குள் போய்க் கிளை பிரிகிறது. அதில் ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு. பாரிசில் இயற்கையியலாளர்கள் குவியேவும் வாலன்சியனும் சேர்ந்து எழுதிவந்த மீன்களின் இயற்கை வரலாறு என்ற பெருநூலின் ஏழாம் தொகுதி 1831-இல் வெளிவந்தது. அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததாக அதில் ஒரு குட்டி மீன் விவரிக்கப்பட்டிருக்கிறது. இன்று அதன் அறிவியல் பெயர் சூடோஸ்ஃப்ரோமினஸ் குபானஸ். பின்பாதி அரியாங்குப்பத்திலிருந்து வந்தது. ஆகவே உலகத்து மீன் பட்டியலில் உங்கள் ஆற்றுக்கு இரண்டு நூற்றாண்டாக இடம் இருக்கிறது.

மூன்று அங்குலத்தைத் தாண்டாத மீன் அது. வயல் வாய்க்கால், பாசி படிந்த குட்டை, கழிமுகத்தின் உப்புக் கலந்த நீர் எல்லாவற்றிலும் வாழும். ஆண் மீன் வாயால் காற்றுக்குமிழிகளை ஊதி ஒரு இலைக்கடியில் நுரைக்கூடு கட்டும். பெண் இடும் முட்டைகளை அந்த நுரைக்குள் சேர்த்துவைத்து, குஞ்சு பொரியும்வரை காவல் இருக்கும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். நீங்கள் சின்ன வயதில் வாய்க்காலில் பார்த்து, பெயர் தெரியாமல் "பொடிமீன்" என்று விட்டிருக்க வாய்ப்புண்டு. சமையலுக்கு ஆகாத மீனுக்கு ஊரில் தனிப்பெயர் நிலைப்பது அபூர்வம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். காய்கிற ஆற்றில் மீன்வளம் எப்படி இருக்க முடியும்? காய்வதால்தான் இந்த மண்ணின் மீன்கள் இப்படி இருக்கின்றன. கோடையைத் தாண்டுவதற்கு ஒவ்வொன்றும் ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழிகளின் எண்ணிக்கைதான் உங்கள் ஊரின் வளம்.

விராலுக்கும் குரவைக்கும் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்துவைக்கும் அறை உண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால் வளர்ந்த விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். ஏரி சேறாகும்போது அந்த ஈரத்துக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். தேளிக்குச் செவுளறையிலிருந்து உடம்பின் பின்பக்கம் நோக்கி நீளும் இரண்டு காற்றுப்பைகள். அது கொட்டினால் எப்படிக் கடுக்கும் என்று சேற்றில் கைவிட்டவர்களைக் கேளுங்கள். பனையேறிக் கெண்டைக்குத் தலைக்குள் மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு. அதை வைத்துக்கொண்டு காற்றைச் சுவாசித்தபடி ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அடுத்த குட்டைக்கு நகர்ந்துவிடும். அயிரைக் குடும்பத்தில் காற்றை விழுங்கிக் குடல் வழியாகவே மூச்சுவிடும் மீன்கள் உண்டு. அயிரையும் ஆரலும் மணலுக்குள் நுழைந்துகொள்ளும். உளுவை கல்லுக்கடியில் முட்டையிட்டு, கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் இடையே போய்வரும். விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாகக் கழிமுகத்துக்கு வந்து, ஆற்றோடு மேலே ஏறி, வருஷக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குத் திரும்பும்.

இந்த மீன்களை நம்மவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்குச் சங்கப் பாடல்களே சான்று. கயல், கெண்டை, வரால், வாளை, ஆரல், அயிரை, கெடிறு என்று பிரித்துப் பிரித்துப் பேசுகின்றன. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் கரையோர மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் கவ்வும் வாளையைக் குழந்தைகள்கூட அறிவார்கள். அந்த வாளை இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியக்கூடிய நிலையில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் வாளையைப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாளையை நேரில் காட்ட முடியாமல் போனால் அந்தப் பாடலில் பாதி போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐரோப்பியர்கள் இந்த மீன்களைப் பதிவு செய்ததும் இதே கரையில்தான். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி, பெர்லினில் இருந்த மருத்துவர் பிளாக்குக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். தேளிக்கு 1794-இல் பிளாக் கொடுத்த பெயருக்கு ஆதாரம் தரங்கம்பாடி மீன். பனைமரத்தில் ஏறிய நிலையில் ஒரு மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதிய குறிப்பை 1797-இல் லண்டனின் லின்னேயன் சங்கம் வெளியிட்டது. அந்த மீன் உண்மையாகவே மரம் ஏறுமா என்று அறிஞர்கள் அதற்குப் பிறகு நெடுங்காலம் வாதாடினார்கள். ஜானும் டால்டார்ஃபும் பார்த்ததெல்லாம் காவிரிக் கடைமடையின் குளங்களும் வாய்க்கால்களும். அதே மீன்கள் உங்கள் ஏரிகளிலும் உண்டு.

அப்படியென்றால் இப்போது ஏன் கண்ணில் படுவதில்லை? நீங்கள் கோடையைக் குறை சொல்கிறீர்கள். நான் வரத்துக்கால்வாயைச் சொல்வேன்.

செஞ்சிப் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேயுள்ள ஏரி கோடி போனால் அந்தத் தண்ணீர் வரத்துக்கால்வாய் வழியாகக் கீழேயுள்ள ஏரிக்கு வரும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. கடைசியில் ஓடைக்கும் ஆற்றுக்கும். வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சங்கிலி சில நாட்களுக்காவது முழுசாக இணையும். மீனுக்கு அதுதான் திருவிழாக் காலம். புதுத்தண்ணீரின் வாசனை பட்டதும் கெண்டைகள் ஓட்டத்தை எதிர்த்து ஏறும். ஒரு ஏரியில் கோடையில் எல்லாம் செத்துப்போனாலும், பக்கத்து ஏரியின் பள்ளத்தில் பிழைத்தவை வந்து அதை நிரப்பிவிடும். இப்படித்தான் ஆயிரம் வருஷத்துப் பஞ்சங்களை இந்த மீன்கள் கடந்திருக்கின்றன. வரத்துக்கால்வாயில் வீடு கட்டிவிட்டால், ஏரி நிறைந்து வழியும் கலங்கலுக்குக் கீழே செங்குத்தாகக் கான்கிரீட் போட்டு உயர்த்திவிட்டால், ஓர் ஏரியில் செத்த மீன் அந்த ஏரியில் என்றைக்கும் செத்ததுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை பெய்ததே, அந்த வெள்ளத்தில் ஊரே தத்தளித்தது. நம் ஊடகங்கள் சேதத்தைச் சொன்னது நியாயம். ஆனால் அப்படிப்பட்ட வெள்ளத்தில் பல வருஷமாக அறுந்து கிடந்த ஏரிகளுக்குள் மீன்கள் மறுபடி போய்ச் சேர்கின்றன என்பதையும் யாராவது கவனித்து எழுதியிருக்க வேண்டும்.

வீடூர் அணை 1959-இல் கட்டி முடிந்தது. 32 அடி உயரம் தண்ணீர் நிற்கும் அந்த அணை ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சோறு போடுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடலிலிருந்து ஏறிவரும் விலாங்குக்கு அது சுவர். அதற்குக் கீழே எழும்பிய தடுப்பணைகளும் அப்படியே. தடுப்பணையின் ஓரத்தில் கற்களைப் பதித்துச் சரிவான பாதை ஒன்று விட்டால் பல மீன்கள் ஏறிவிடும். சில நாடுகளில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். நம் பொறியாளர்களுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மணலைப் பற்றியும் ஒன்று. "மணல்தான் தெரிகிறது" என்று அலுத்துக்கொண்டீர்கள். அந்த மணல் இருக்கும்வரை அயிரைக்கும் ஆரலுக்கும் வீடு இருக்கிறது. மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். மணலை அள்ளி அடியிலுள்ள களிமண்ணும் பாறையும் வெளியே வந்த பிறகுதான் ஆறு செத்ததாக அர்த்தம்.

ஜிலேபிக்கு வருவோம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் பிறந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பஞ்சத்துக்குப் புரதம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். இலங்கையில் அதே காலத்தில் விடப்பட்ட ஜிலேபியால் வறண்ட பிரதேசத்துக் குளங்களில் ஒரு மீன்பிடித் தொழிலே உண்டானது. அதை மறைத்துப் பேசினால் நேர்மையாகாது. ஆனால் தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுவதாலும், சில மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடுவதாலும், சின்ன ஏரியில் அது பெருகினால் மற்றவற்றுக்கு இடமில்லை. உள்ளங்கை அளவிலேயே வளர்ச்சி நின்று ஏரி முழுக்க நிறைந்துவிடும். விற்றாலும் விலை இல்லை. இதில் வேதனையான செய்தி, நம் ஏரிகளில் இப்படிப் பெருகிக் கிடக்கும் மொசாம்பிக் ஜிலேபி தன் சொந்த ஆறுகளில் அழியக்கூடிய இனமாகிவிட்டது. அங்கே மனிதர்கள் கொண்டுபோய் விட்ட நைல் ஜிலேபியோடு கலந்து அதன் தனி இனமே கரைகிறது.

குத்தகைக்கு எடுத்தவர்கள் விடும் கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டையை நான் இதே வரிசையில் வைக்க மாட்டேன். அவற்றால் குடும்பங்கள் பிழைக்கின்றன. என் மறுப்பு ஒரு இடத்தில்தான். வளர்ப்புக் குட்டையில் குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் "களைமீன்களை" ஒழிக்கச் சொல்லும் முறை உண்டு. அவர்கள் களை என்பது உங்கள் விராலையும் கெளுத்தியையும் குரவையையும்தான். சொந்தக் குட்டையில் செய்தால் அது தொழில். ஊர்ப்பொது ஏரியில் செய்தால் பல தலைமுறை விதையை ஒரே நாளில் கொல்வது. கிராம சபையில் ஏலத்தின் நிபந்தனையாக இதைத் தடுக்க முடியும். ஏரியின் ஆழமான பள்ளத்தைக் கோடையில் மோட்டார் வைத்து இறைத்து வடிக்கக்கூடாது என்ற இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் தப்பித்தவைதான் அடுத்த வருஷத்து மீன்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் எங்கே கண்டாலும் விடாதீர்கள். தடை செய்யப்பட்ட மீன் அது. காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் பிழைக்கும், அகப்பட்டதைத் தின்னும். நம் மீன்களின் திறமைகள் எல்லாம் அதனிடமும் இருக்கின்றன. உடம்பு மட்டும் பல மடங்கு பெரிது.

இந்தக் கவலை செஞ்சியோடு முடிவதில்லை. பூமியின் பரப்பில் ஆறும் ஏரியும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உலகத்து மீன் இனங்களில் பாதிக்கு மேல், 18,000-க்கும் அதிகமானவை, நன்னீரில் வாழ்கின்றன. 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, மதிப்பிடப்பட்ட நன்னீர் விலங்குகளில் ஏறக்குறைய கால்பங்கு அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன என்றது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விட்ட நைல் பெர்ச் மீன், அங்கே மட்டுமே இருந்த நூற்றுக்கணக்கான சின்ன மீன் இனங்களைத் துடைத்ததை உலகமே பார்த்தது. நம் ஏரிகளில் நடப்பதைப் பார்க்க ஆள் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2025 ஜூலையில் உங்கள் செஞ்சிக் கோட்டை, மராட்டியக் கோட்டைகள் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வரிசையிலுள்ள பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை அது ஒன்றுதான். சந்தோஷம். இனி கோட்டையின் ராஜகிரி மலையடிவாரத்துச் செட்டிக்குளத்தையும் சக்கரக்குளத்தையும் பார்க்க வரும் கூட்டம் பெருகும். குளத்தை அழகுபடுத்தும் பேச்சு வரும்போது நீங்கள் அங்கே இருங்கள். வண்ண மீன் விடலாம், கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடலாம் என்று யாராவது சொன்னால், தலையில் வெள்ளைப் புள்ளி மின்னும் நம் முண்டக்கண்ணியே அந்த வேலையைச் செய்யும் என்று சொல்லுங்கள். 1928-இல் இந்தியாவுக்கு வந்த கம்பூசியா, கொசுப்புழுவோடு தவளைக் குஞ்சையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்கிறது.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இந்த ஐப்பசி கார்த்திகையில் உங்கள் ஊர் ஏரி கோடி போகும்போது கலங்கலடியில் போய் நில்லுங்கள். வலை போடுகிறவர்களையும், வற்றும் ஏரியில் கையாலேயே மீன் பிடிக்கத் தெரிந்த இருளர் பெரியவர்களையும் கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொல்லும்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீனையும் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்து தெரியும்படி, அளவுக்கு ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எந்த ஏரி, எந்தத் தேதி, எவ்வளவு தண்ணீர் என்று பக்கத்தில் குறியுங்கள். கோடையிலும் ஒருமுறை அதே ஏரியின் பள்ளத்தைப் பாருங்கள். பிடித்த பொடிமீன்களைப் பார்த்த கையோடு தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். ஜிலேபியை மட்டும் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரண்டு நீர்மட்டத்துக்கு வந்து வந்து போனால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கே வலை வீசவேண்டாம் என்று வலைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலை எனக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாதவற்றின் படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள். எனக்குத் தெரிந்த மீனியல் ஆசிரியர்களிடம் காட்டி அடையாளம் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்