அயல்கூட்டம்: மட்டாஞ்சேரி தந்த பாடம்

கொச்சி மட்டாஞ்சேரிக்குச் செல்வோர், 1555இல் கட்டிய அரண்மனையையும் 1568இல் எழுந்த யூதர் வழிபாட்டிடத்தையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். இஞ்சியும் மிளகும் மணக்கும் கடைத்தெருவைத் தாண்டிச் சிறிது நடந்தால் வேறோர் உலகம் தோன்றும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள் அங்கே உண்டு. அத்தகைய சந்து ஒன்றில் என் அத்தை வாழ்கிறார். சென்ற விடுமுறையில் அவர் வீட்டில் சில நாள் தங்கினேன். நகரத்து ஏழைப் பெண்களுக்குத் துணை எங்கிருந்து வர வேண்டும் என்னும் கேள்விக்கு, வகுப்பறையில் கிடைக்காத விடை ஒன்று அங்கே கிடைத்தது. அதனை நம் மன்றத்து நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அத்தை வீட்டு முன்னறையில் பாய் விரிக்கப்பட்டது. பதினான்கு பெண்கள் வந்து அமர்ந்தனர். ஒவ்வொருவரும் இருபது ரூபாய் கொடுத்தனர். செயலாளர் அதனைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, எழுதியதை உரக்கப் படித்தார். 'இருபது ரூபாயில் எந்த வறுமை தீரப்போகிறது?' என்று நான் உள்ளத்துள் நகைத்தேன்.

கணக்கு முடிந்ததும் ஒருவர், "பதினைந்தாவது ஆள் இந்த வாரமும் வரவில்லையே" என்றார். அடுத்த வீட்டுப் பெண் மெல்ல விவரம் சொன்னார். வராதவளின் கணவனுக்கு வேலையில்லை. கந்துவட்டிக்குக் கடன் வாங்கியாயிற்று. அவள் இஞ்சிக் கிடங்கில் தரம்பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். ஆதலால், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகள் பள்ளியை விட்டுக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தேநீர் ஆறுவதற்குள் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. குழுவின் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்துக் கந்துவட்டியை அடைப்பது. பகற்பொழுதில் குழந்தையை அத்தை வீட்டில் விடச் செய்வது. திங்கட்கிழமை காலையில் குழுவினர் இருவர் அந்தச் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது. "அவர் உதவி கேட்கவே இல்லையே, அத்தை?" என்றேன். "கேட்க வாய் வராது தம்பி. அதுக்குத்தானே வாரா வாரம் கூடுறோம்" என்றார் அத்தை. என் நகைப்பு அத்துடன் அடங்கிற்று.

அமைப்பின் வரலாறு

இக்கூட்டத்திற்கு மலையாளத்தில் 'அயல்கூட்டம்' என்று பெயர். இது கேரள அரசின் 'குடும்பஸ்ரீ' இயக்கத்தின் அடிப்படை உறுப்பு. 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரிலும், 1994இல் மலப்புறம் மாவட்டத்திலும் 'யுனிசெஃப்' துணையுடன் முயன்று பார்த்த முறையே பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. 1998 மே 17ஆம் நாள் அந்நாள் பிரதமர் வாஜ்பாய் மலப்புறத்தில் குடும்பஸ்ரீயைத் தொடங்கி வைத்தார். இன்று கேரளத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் அயல்கூட்டங்கள் உள்ளன. உறுப்பினர் தொகை 45 இலட்சத்தைக் கடந்துள்ளது.

ஆலப்புழையில் ஏழைக் குடும்பத்தை அறியக் கையாண்ட அளவுகோல் நாம் கருதத்தக்கது. 'மாத வருமானம் எவ்வளவு?' என்று அவர்கள் கேட்கவில்லை. உறுதியான வீடு உண்டா? நல்ல குடிநீர் உண்டா? கழிப்பறை உண்டா? இரு வேளை உணவுக்கு மேல் கிடைக்கிறதா? ஒருவர் மட்டுமே சம்பாதிக்கிறாரா? எழுத்தறியாதவர் உளரா? குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர் உளரா? ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தை உண்டா? பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சார்ந்த குடும்பமா? இவ்வொன்பதில் நான்கு குறைகள் இருப்பின் அது ஏழைக் குடும்பம்.

வருமானத்தை மறைக்கலாம், கூட்டியும் சொல்லலாம். தண்ணீர் இல்லாமையை அடுத்த வீட்டாரிடம் மறைக்க முடியாது. மேலும், இக்குறைகளில் பெரும்பாலானவை முதலில் பெண்ணின் தோளிலேயே விழுகின்றன. தண்ணீருக்கு வரிசையில் நிற்பவள் யார்? கழிப்பறை இன்மையால் இருட்டும்வரை காத்திருப்பவள் யார்? இதனைப் பெண்களே நன்கு அறிவர். ஆதலின், அளவுகோலைப் பெண்கள் கையில் கொடுத்தது சாலப் பொருத்தம் எனலாம்.

பாயிலிருந்து மாநகராட்சிக்கு

தமிழ்நாட்டிலும் 1989இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றிச் சேமிப்பை வளர்த்தன. குடும்பஸ்ரீயின் சிறப்பு, அது தொடக்கம் முதலே உள்ளாட்சியோடு பிணைக்கப்பட்டிருப்பதாகும். ஒரு குடும்பத்திற்கு ஒரு பெண்ணாகப் பத்து முதல் இருபது பேர் சேர்ந்தது அயல்கூட்டம். ஒரு வார்டின் கூட்டங்கள் இணைந்தது பகுதி வளர்ச்சிச் சங்கம். அவற்றிற்கு மேல் உள்ளாட்சி அளவில் சமுதாய வளர்ச்சிச் சங்கம். பாயில் பேசிய குறை, படிப்படியாக மாநகராட்சியின் மேசைக்குச் செல்ல வழி இருக்கிறது.

தொழில் வாய்ப்பும் இவ்வழியே வருகிறது. 2017இல் கொச்சி மெட்ரோ ஓடத் தொடங்கியபோது நிலையப் பணிகள் பலவற்றில் குடும்பஸ்ரீப் பெண்கள் அமர்ந்தனர். 2021இல் எறணாகுளத்தில் மாநகராட்சி தொடங்கிய 'சம்ருத்தி' உணவகம், இப்பெண்களின் உழைப்பால் பத்து ரூபாய்க்கு உணவளித்தது. சிறுவர் சிறுமியர்க்குப் 'பாலசபை' உண்டு. கொடுமைக்கு உள்ளான பெண்களுக்கு 2013 முதல் 'சினேகிதா' உதவி மையங்கள் உள்ளன. பதினெட்டு முதல் நாற்பது வயதுப் பெண்களுக்கென 2021இல் துணைக் குழுக்களும் தோன்றின.

தீராத குறைகள்

இவ்வளவும் சொல்லிக் குறையை மறைத்தல் மாணவர்க்கு அழகன்று. கடலேற்றம் வந்தால் மேற்குக் கொச்சியின் தாழ்ந்த சந்துகளில் நீர் புகுகிறது. எத்தனை இருபது ரூபாய் சேர்ந்தாலும் அதற்கு வடிகால் வெட்ட முடியாது. அது அரசின் கடமை. அருகிலுள்ள துருத்தியில் குடிசைவாழ் குடும்பங்களுக்கென எழுந்த இரு அடுக்குமாடிக் கட்டடங்கள், பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2025இல்தான் திறக்கப்பட்டன. காத்திருந்த காலத்தில் சிறுமியர் பலர் வளர்ந்து தாயராகியிருப்பர் அல்லவா?

மற்றொன்றும் உண்டு. சமைத்து, துவைத்து, கூலிக்கும் போய் வந்த பெண்ணே பாயிலும் அமர்ந்து ஊர்ச்சுமையையும் தாங்குகிறாள். அன்று ஆண்கள் திண்ணையில் சீட்டாடிக்கொண்டிருந்தனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, வேலையின்றி வீட்டிலிருக்கும் தந்தையின் பெயரை எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

துணை என்பது எப்போதோ ஒருநாள் வந்து கொடுத்துச் செல்வது அன்று. வாரந்தோறும் வந்து கேட்பது. இதுவே மட்டாஞ்சேரி எனக்குத் தந்த பாடம். விழா நாளில் சேலை வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் தொண்டைவிட, வராத ஒருவரை 'ஏன் வரவில்லை?' என்று கேட்கும் தொண்டு பெரிது. நம் மன்றத்தார் விடுமுறை நாட்களில் நம் நகரத்துச் சந்து ஒன்றைத் தேர்ந்து, சிறுமியர்க்கு மாலைநேரப் பாடம் சொல்லித் தரலாம். ஆனால், தொடங்கினால் வாரம் தவறாமல் செல்ல வேண்டும். அந்த உறுதி இல்லையேல் தொடங்காதிருத்தல் நன்று.

நான் ஊர் திரும்பிய காலையில், அந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி சீருடை அணிந்து சந்தில் விரைந்து செல்வதைக் கண்டேன். அடுத்த மாதமும் செல்வாளா? உறுதி கூற என்னால் இயலாது. ஆனால், செல்லாத நாளில் ஏன் என்று கேட்க அவளுக்குப் பதினான்கு பேர் இருக்கின்றனர்.