எஸ்டேட் என்ற சொல்லின் பல பொருள்கள்

சிம்பாங் பூலாய் வட்டாரத்து அன்பர்களிடம் எஸ்டேட் என்றால் என்னவென்று கேட்டால், "தோட்டம்" என்று உடனே பதில் வரும். ரப்பர் மரம், லயத்து வீடு, கிராணியார், கங்காணி, மாரியம்மன் கோயில் எல்லாம் நமக்கு அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஆங்கிலத்திலோ இதற்குப் பல பொருள்கள் உண்டு.

'நிலை' என்று பொருள்படும் லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்து எஸ்டேட் ஆயிற்று. மாநிலத்தைக் குறிக்கும் 'ஸ்டேட்' இதன் உடன்பிறப்பே. ஆங்கிலச் சட்டத்தில் அது மண்ணைக் குறிக்காமல், மண்ணின்மேல் ஒருவருக்குள்ள உரிமையைக் குறித்தது. பத்திரிகைத் துறையை 'நான்காவது எஸ்டேட்' என்பார்கள். அதற்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லை!

நம் நாட்டு ரப்பர் கணக்கில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளதே எஸ்டேட், குறைந்தது சிறுதோட்டம். 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, அதற்கு மாற்றாகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் ரப்பர் எஸ்டேட் பல இடங்களில் 'ரியல் எஸ்டேட்' ஆகி, 'ஹவுசிங் எஸ்டேட்' ஆனது. பெயர்ப்பலகையில் எஸ்டேட் நிலைத்தது, லயத்தில் இருந்தவர்கள்தாம் வெளியேறினார்கள்.

நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள் வேறொன்று. ஒரு மூதாட்டி வங்கிக் கடிதம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். மறைந்த கணவர் பெயருக்கு முன்னால் 'எஸ்டேட்' என்று இருந்தது. "அவரு பால்மரம் வெட்டினவரு ஐயா, அவருக்கு ஏது எஸ்டேட்டு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இறந்தவர் விட்டுச்சென்ற நிலம், சேமிப்பு, நகை, வாகனம் அனைத்தும் சேர்ந்து அவருடைய எஸ்டேட்; மலாயில் 'ஹர்த்தா பூசாக்கா'. கடனை அதிலிருந்து தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகம் விசாரிக்கும் 'சிறு எஸ்டேட்' என்பதும் இதுதான். சிறுதோட்டம் என்று எண்ணிவிடக் கூடாது.

இது ஆலயங்களையும் தொடுகிறது. நன்கொடை திரட்டி வாங்கிய நிலத்தை, நம்பிக்கையின் பேரில், தலைவர் ஒருவர் பெயரிலேயே கிராண்ட் எடுத்துவிடுவது உண்டு. அறக்கட்டளைப் பத்திரம் எதுவும் இல்லாமல் அவர் காலமானால், ஏட்டளவில் அந்த நிலம் அவருடைய எஸ்டேட்டில் சேர்ந்து நிற்கும். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும், கோயில் நிலம் என்பதை நிரூபிக்க அலைச்சலும் செலவும் ஆகும். 1952ஆம் ஆண்டு அறங்காவலர் கூட்டுருவாக்கச் சட்டத்தின்கீழ், சமய அறப்பணிக்கான அறங்காவலர்கள் விண்ணப்பித்து ஒரே சட்ட அமைப்பாகப் பதிவு பெறலாம். நிலத்தை அவ்வமைப்பின் பெயருக்கு மாற்றிவிட்டால், அறங்காவலர் ஒருவர் மறைந்தாலும் அது அவருடைய எஸ்டேட்டில் சேராது.