சப்பாத்தியை நிறுத்தும் முன்

கணவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து என் தங்கை வீட்டில் இரவு என்றால் சப்பாத்திதான். அந்தச் சில ஆண்டுகளில் அவளுக்குச் சாப்பிட்டவுடன் வயிற்று உப்புசம், ஓயாத அசதி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்டுக் கோதுமையை அடியோடு விட்டாள். மூன்றே வாரத்தில் வயிறு லேசானது. "கோதுமைதாண்ணே எனக்கு ஆகல" என்று போனில் சொன்னபோது குரலிலேயே தெம்பு தெரிந்தது.

ஆனால் ரத்தசோகை மட்டும் விடவில்லை. ஐந்து மாதம் கழித்துக் குடல் நோய் மருத்துவரிடம் போனாள். சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. மருத்துவர் அதோடு விடவில்லை. "கோதுமை சாப்பிட்டு எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் பசைப்புரதம் குளூட்டன். சீலியாக் நோயாளியின் உடம்பு இதைச் சாக்கிட்டுத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரும்பும் கால்சியமும் உள்ளே போகாமல் வெளியேறிவிடுகின்றன. அந்தத் தாக்குதலின் தடயமாக ரத்தத்தில் டிடிஜி என்னும் எதிர்ப்பொருள் ஏறியிருக்கும். குளூட்டனை நிறுத்தினால் தடயமும் மெல்ல மறையும். நோய் இருக்கும், பரிசோதனைக்குத் தெரியாது.

எனவே தங்கை மறுபடி தினம் இரண்டு வேளை கோதுமை சாப்பிட வேண்டியிருந்தது, ஆறு வாரம். உப்புசமும் வயிற்றுப்போக்கும் திரும்பின. அலுவலகத்துக்குப் பாதி நாள் லீவு. பிறகு எடுத்த ரத்தத்தில் டிடிஜி பல மடங்கு உயர்ந்திருந்தது. எண்டோஸ்கோப்பியில் எடுத்த குடல் திசுவும் அதையே உறுதி செய்தது: சீலியாக். முதலிலேயே பரிசோதித்திருந்தால் இந்த ஆறு வார வேதனை மிச்சமாகியிருக்கும்.

இடையில் ஒரு மரபணுச் சோதனையும் நடந்தது. சீலியாக் வருபவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வகை இருக்கும். கோதுமையை நிறுத்திய பிறகும் இதைப் பார்க்கலாம். இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்றாலோ அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்தியாவில் 23,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றிலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணு இருந்தது. நோயோ வடக்கில் நூற்றுக்கு ஒருவரைத் தாண்டியது, வேலூர்ப் பக்கம் ஆயிரத்தில் ஒருவர்தான். தட்டில் விழும் கோதுமையின் அளவில் இருந்த பெரும் வேறுபாட்டை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

உடன்பிறந்தவன் என்பதால் என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். எனக்கும் பரோட்டா, சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு ஊதும், தலை கனக்கும். கோதுமையை நிறுத்தாமலே ரத்தம் கொடுத்தேன். சீலியாக் இல்லை, கோதுமை ஒவ்வாமையும் இல்லை. மிஞ்சியது சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகு, உணவை நிறுத்தியும் திரும்பச் சேர்த்தும்தான் கண்டறிய வேண்டும். குடலுறிஞ்சிகள் இதில் தேய்வதில்லை. தொந்தரவு மட்டும் நிஜம், கற்பனை அல்ல.

குற்றவாளி குளூட்டன்தானா என்பதிலேயே சந்தேகம் உண்டு. நார்வேயில் தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, குளூட்டனைவிட ஃபிரக்டான் என்ற மாவுச்சத்துதான் அவர்களை அதிகம் வாட்டியது. ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நான் உணவுக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். வெங்காயம் போடாத பருப்போடு இரண்டு சப்பாத்தி தின்ற நாளில் ஒன்றும் ஆகவில்லை. சோறும் சின்ன வெங்காயச் சாம்பாருமாகச் சாப்பிட்ட நாளில் வயிறு ஊதியது! ஒரு மாதக் குறிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஏராளம்.

எனக்கு ஒருநாள் தவறினால் மறுநாள் சரியாகிவிடும். தங்கைக்கு அப்படியல்ல. வலியே தெரியாவிட்டாலும் துணுக்களவு மைதா குடலைப் புண்ணாக்கும். அதனால் அவள் அடுப்படியே மாறிவிட்டது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம் என்று டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அதுவரை ரசத்திலும் சாம்பாரிலும் அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ராகியும் கம்பும் தினையும் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஆனால் கோதுமை அரைத்த மாவு மில்லிலேயே அரைத்தால் கலந்துவிடும். இப்போது வீட்டு மிக்சியில்தான் அரைக்கிறாள். ஓட்டலில் ரவா தோசை ஊற்றிய கல்லில் வார்த்த சாதா தோசையும் அவளுக்கு ஆகாது, இட்லி கேட்பாள். மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சம்பா கோதுமை நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், அதுவும் கோதுமைதான். கணவருக்குச் சப்பாத்தி தேய்க்கும் பலகையும் கட்டையும் தனி அலமாரிக்குப் போயின.

ஓராண்டில் அவளுடைய ஹீமோகுளோபின் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது. குடல் முழுதாக ஆறப் பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதால் டிடிஜியை இன்னும் பார்த்து வருகிறார்கள்.

சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் பத்தில் ஒருவர் அளவுக்கு அந்நோய் இருக்க வாய்ப்புண்டு. தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது, எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனாலும் சென்ற மாதம் அவனுக்கும் ரத்தம் எடுத்தோம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் என்றால், மற்றவர்கள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பரிசோதித்துவிடுங்கள்.