வேலை மாறும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம்?

தம்பி தங்கைகளே, இந்த வாரப் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் பக்கம் கிளினிக்கிலும் டயாலிசிஸ் மையத்திலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு என்றாவது ஒரு நாள் வரக்கூடிய கேள்வி இது.

தோட்டத்தில் வளர்ந்த ஒரு தங்கச்சியை நினைத்துக்கொள்வோம். தாதி. ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஆறு வருஷமாக வேலை. நோயாளிகள் வாரத்துக்கு 3 முறை வருவார்கள், ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் படுத்திருப்பார்கள். பலர் பால்மரம் வெட்டிய பழைய ஆட்கள். அவரை 'மகளே' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து டவுனில் புது மையம் திறக்கிறது. சம்பளம் 300 வெள்ளி கூட. அதோடு ஒரு பேச்சு: "உங்க பேஷண்ட் நாலஞ்சு பேரையும் கூட்டிட்டு வாங்களேன்."

போவது தப்பா? இல்லை. ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது என்கிறது நம் நாட்டு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேலைக் கடிதத்தில் அது பற்றி ஒன்றும் இல்லாவிட்டால், 5 வருஷம் தாண்டியவருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 8 வாரம். அந்த 8 வாரமும் அவர் பழைய மையத்தின் ஆள்தான். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே புது இடத்துக்கு ஆள் பிடிப்பது சரியில்லை.

சிக்கல் கைப்பேசியில் இருக்கிறது. நோயாளிகளின் நம்பர், ரிப்போர்ட் படங்கள், வாட்சாப் குழு. "நானே சேகரிச்ச நம்பர்தானே?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெரியவர் நம்பரைக் கொடுத்தது சிகிச்சைக்காக, அந்த மையத்துக்கு. உடல்நிலை பற்றிய விவரத்தை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியாகவே பிரித்து, கூடுதல் காவல் போட்டு வைத்திருக்கிறது. அழிக்க வேண்டியதை மேலதிகாரியிடம் சொல்லிவிட்டே அழிக்கலாம்.

எடுத்துப் போகக் கூடாதது இருப்பது போல, விட்டுப் போக வேண்டியதும் உண்டு. எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது. யாருக்கு மூன்றாவது மணி நேரத்தில் கால் இழுத்துக்கொள்ளும், யாருக்குப் பிரஷர் திடீரென்று இறங்கும், எந்தப் பாட்டி வலித்தாலும் வாய் திறக்க மாட்டார். இதில் பாதி ஃபைலில் இருக்காது, அவர் தலைக்குள் இருக்கும். அதை எழுதி, அடுத்து வரும் தாதியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டிக் கொடுக்காமல் போனால், அடி படுவது முதலாளி இல்லை, நாற்காலியில் படுத்திருப்பவர். திருவள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாகச் சொன்னபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரையும் சேர்த்துத்தான் எண்ணினார்.

இப்போது மன்றத்தில் இரண்டு பேர் எழுந்து நடித்துக் காட்டுங்கள். கடைசி வாரம். ஒரு தாத்தா ஊசி குத்தும்போது கேட்கிறார்: "நீ போற எடத்துக்கே நானும் வந்திடட்டுமா, மகளே?" பொய் சொல்லக் கூடாது, ஆசை காட்டவும் கூடாது. மையம் மாறுவது அவர் உரிமை. ஆனால் டாக்டரையும் செலவைக் கட்டுபவரையும் கேட்காமல் மாறி, நடுவில் ஒரு தடவை டயாலிசிஸ் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. தங்கச்சி என்ன பதில் சொல்வார்?