முதல் லாரி வாங்கப் போகும் தம்பிக்கு ஒன்பது சொல்

சங்ககிரியில் ‘தொழில் பண்ணப் போறேன்’ என்று ஒரு பையன் சொன்னால், பாதி நேரம் அதற்கு லாரி வாங்கப் போகிறான் என்றுதான் பொருள். வானம் பார்த்த பூமி இது. விளைச்சலை நம்ப முடியாதவர்கள் கிளீனராக ஏறினார்கள், டிரைவர் ஆனார்கள், நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வண்டி எடுத்தார்கள். சிமென்ட் ஆலையும் பெட்ரோல் டெர்மினலும் லோடு கொடுத்தன. அப்படி மேலே வந்தவர்களின் கதை தெருவுக்குத் தெரு உண்டு. கேட்டு வளர்ந்த உனக்குச் சில தப்புக் கணக்குகளும் கூடவே ஒட்டியிருக்கும். ஷோரூமில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவற்றை உதறிவிடு.

1. வாடகையை வருமானம் என்று எண்ணாதே. கைக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு டீசலுக்கும் டோலுக்கும் உரியது. அடுத்தது டிரைவர் படி, அதற்கடுத்து மாதத் தவணை. கண்ணுக்குத் தெரியாமல் தேய்வது டயர். வருடத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ், நேஷனல் பர்மிட்டுக்கு 16,500 ரூபாய். தகுதிச் சான்று (எஃப்.சி.) புதுப்பிக்கும்போது அந்த வேலைச் செலவு. இவற்றை மாதக் கணக்காகப் பிரித்துத் தனியே எடுத்து வை. மிஞ்சுவதுதான் உன்னுடையது. வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து மட்டும் எடு.

2. எவனுக்கும் கைகட்ட வேண்டாம் என்று வண்டி வாங்காதே. முன்பு ஒரு முதலாளி. இப்போது பைனான்ஸ்காரர், புக்கிங் ஆபீஸ், சரக்குக் கம்பெனி, இறக்குமிடத்துக் குடோன் என்று நாலு பேர். அட்வான்ஸ் போக மீதி வாடகை, டெலிவரி சீட்டு திரும்பிவந்து பல வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவன்தான் ‘இந்த வாடகைக்கு வராதுங்க’ என்று சொல்ல முடியும். அது இல்லாதவன் சொன்ன வாடகைக்கு ஏற்றுவான்.

3. நல்ல வாடகை என்பதைப் போகிற லோடை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றிப் போகிறாய். நாசிக் வெங்காயம் உடனே கிடைத்தால் ஒரு கணக்கு. லோடுக்காக நாலு நாள் அங்கேயே படுத்தால் வேறு கணக்கு. வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்பும்வரை எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், கையில் எவ்வளவு? இந்த மூன்றையும் டிரிப் ஷீட்டில் எழுது.

4. கூடுதல் டன் கூடுதல் லாபம் இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் உன் தலையில்தான். பிடிபடாவிட்டாலும் டயரும் ஸ்பிரிங் பட்டையும் விடாது, பட்டறையில் வசூலித்துவிடும்.

5. ‘சும்மா நிற்பதற்கு ஓடட்டும்’ என்பது பாதி உண்மை. நின்றாலும் தவணை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. 2020 மார்ச் ஊரடங்கில் அதை எல்லாரும் பார்த்தோம்; ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட இடம் கொடுத்தார்கள், வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் டீசல், டோல், படி, டயர் தேய்மானம் இந்த நாலையும் தாண்டாத வாடகைக்கு ஓடினால், நிற்பதைவிட நஷ்டம். 2017 ஜூன் 16 முதல் டீசல் விலையை நாள்தோறும் மாற்றலாம் என்று ஆகிவிட்டது. ஆகவே மாத ஒப்பந்தம் போட்டால், டீசல் ஏறினால் வாடகையும் ஏறும் என்று எழுதி வாங்கு.

6. டிரைவர் கிடைப்பார் என்று இருக்காதே. உன் கடன் முழுவதும் ஆயிரம் மைலுக்கு அப்பால் அவர் கையில் இருக்கிறது. படியைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் டீசலிலும் டயரிலும் போய்விடும். தூக்கம் வருகிறது, வண்டியை நிறுத்துகிறேன் என்று அவர் போன் செய்தால் திட்டாதே. ‘நிறுத்திப் படுங்கண்ணா’ என்று சொல். டிரிப் முடிந்ததும் கணக்கை அன்றே தீர்த்துவிடு.

7. சொந்தக்காரன்தானே, கூட்டுக்குப் பத்திரம் எதற்கு என்று கேட்காதே. மச்சானும் மாமனும் சேர்ந்து வண்டி எடுப்பது நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும், விபத்து வழக்கும் அந்தப் பெயரைத் தேடித்தான் வரும். யார் எவ்வளவு போட்டது, நஷ்டத்தில் யாருக்கு என்ன பங்கு, ஒருவர் விலகினால் என்ன விலை என்பதைச் சிரித்துப் பேசும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

8. லாபமே இல்லை, வரி எதற்கு என்று இருந்துவிடாதே. பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவருக்கு வருமான வரிச் சட்டம் எளிய வழி ஒன்றைத் தருகிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள வண்டிக்கு, டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொள்ளும். 28.5 டன் பத்து வீலருக்கு மாதம் 28,500. இதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படும். வருடாவருடம் தாக்கல் செய்தவனுக்குத்தான் வங்கி அடுத்த கடனுக்குக் கதவு திறக்கும்.

9. இரண்டாவது வண்டியை வளர்ச்சி என்று எண்ணி அவசரப்படாதே. 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. 25 டன் பத்து வீலர் 28.5 டன் ஆனது. புது லாரி ஒன்றுகூட வராமலே நாட்டில் ஏற்றும் திறன் கூடிவிட்டது. சரக்கு அதே அளவு கூடவில்லை. உன் உழைப்பில் குறையே இல்லாவிட்டாலும் தில்லியில் போடும் ஒரு கையெழுத்து உன் வாடகையை அசைக்கும். முதல் வண்டியின் கடன் பாதியாவது அடைந்த பிறகு, ரிப்பேருக்கென்று தனிப் பணம் ஒதுக்கிய பிறகு, அடுத்ததைப் பேசு.

இத்தனையும் கேட்டுவிட்டு ஆசை குறையவில்லை என்றால் நல்லது. ஒரு வருடம் ஒரு புக்கிங் ஆபீஸில் உட்கார். எந்தக் கம்பெனி வாடகையை இழுத்தடிக்கிறது, எந்த மாதம் லோடு காய்கிறது, எந்த ரோட்டில் வண்டி காத்துக் கிடக்கிறது என்பது அங்கே தெரியும். அந்தக் கணக்கோடு வா, எந்த வண்டி எடுக்கலாம் என்று பேசுவோம். கணக்கு உதைத்தால் வண்டி எடுக்காமல் விட்டுவிடு. அப்போது மிஞ்சும் முன்பணம் முழுக்க முழுக்க உன்னுடையது.